கிணற்றடியில் விழுந்த பெண்ணும் நாங்கள் படிக்கப்போன குற்றவியலும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலில் ஒரு பெயர்தான் இருக்கிறது. ஆனால் இந்த உரையை இருவர் சேர்ந்து எழுதினோம். ஒரே வாங்கில் இருந்து படித்த இருவர். ஒருவர் வைத்தியர், மற்றவர் சட்டத்தரணி. சட்டத்தரணி இன்று கொழும்பில் வழக்கொன்றில் மாட்டிக்கொண்டார். ஆகவே ஒலிவாங்கியின் முன் நிற்பது வைத்தியர். "நாங்கள்" என்று சொல்லும்போது மேடைக்கான மரியாதைப் பன்மை என்று நினைக்கவேண்டாம், உண்மையிலேயே இருவர்தான்.

எங்கள் வகுப்பை மூத்த ஆசிரியைகளுக்கு நினைவிருக்கும். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த வகுப்பு. பாதிப் புத்தகங்கள் வீட்டில், பாதி சைக்கிள் கரியரில். அந்தக் கதையை இந்த மலரில் வேறு பலர் எழுதியிருப்பார்கள், நாங்கள் விட்டுவிடுகிறோம். ஒன்றை மட்டும் சொல்லவேண்டும். சட்டம் என்பது என்ன, பொலிஸ் என்பது யார் என்ற கேள்விக்கு எங்கள் தலைமுறையிடம் ஒரு பதில் இருந்ததில்லை. ஒரே தெருவில் மாறி மாறி வேறு வேறு சீருடைகளைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். நேற்றுக் குற்றமாக இருந்தது இன்று குற்றமில்லை, இன்று சரியானது நாளைக்கு ஆபத்து. இதற்குப் பெயர் வைத்து ஒரு பல்கலைக்கழகத் துறையே இருக்கிறது என்பது நாற்பதை எட்டும் தறுவாயில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தோம் என்பதைச் சொல்லாமல் படிப்பைப் பற்றிச் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். ஆகவே முதலில் அந்தப் பெண். ஆளை அடையாளம் காணமுடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறோம்.

முப்பதுகளில் இருந்த ஒரு தாய். ஒரே வருடத்தில் மூன்று தடவை எங்கள் விடுதிக்கு வந்தார். மூன்று தடவையும் "கிணற்றடியில் வழுக்கி விழுந்தது" என்பதுதான் காரணம். அதைச் சொன்னது அவரல்ல, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற கணவர். வெளிநோயாளர் பிரிவில் நூற்றுக்கு மேல் ஆட்கள் காத்திருந்தார்கள். நாங்கள் காயத்தைத் தைத்து, வலிக்கு மருந்து எழுதி, குறிப்பேட்டில் "வழுக்கி விழுந்ததாகக் கூறப்படுகிறது" என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம்.

மருத்துவ பீடத்தில் சட்ட மருத்துவம் படித்தவர்கள்தான் நாங்கள். விழுகிறவர் கையை ஊன்றுவார், அதனால் உள்ளங்கை, முழங்கால், நாடி போன்ற இடங்களில் காயம் வரும். அடியைத் தடுக்கிறவர் கையைத் தூக்குவார், அதனால் முன்கையின் சின்னிவிரல் பக்க ஓரத்திலும் புறங்கையிலும் காயம் வரும். பரீட்சையில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு எழுதுவோம். அந்தப் பெண்ணின் முன்கையில் கண்டல் இருந்த இடம் எது என்று எங்களுக்குத் தெரியும். உள்ளங்கையில் ஒரு கீறலும் இருக்கவில்லை. கண் கண்டது, கை வேறு எழுதியது.

சில மாதங்களின் பின் அழைப்பாணை வந்தது. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அந்தப் பெண் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்டிருந்தார். அவருக்காகத் தோன்றிய சட்டத்தரணி எங்கள் வாங்குத் தோழி. சாட்சிக் கூண்டில் ஏறியது எங்களில் வைத்தியர். மறுதரப்புச் சட்டத்தரணி மிக மரியாதையாக ஒரே ஒரு வேலைதான் செய்தார். குறிப்பேட்டை நீட்டி, "வைத்தியரே, இது உங்கள் கையெழுத்தா? சத்தமாக வாசியுங்கள்" என்றார். மூன்று திகதி, மூன்று தடவை, ஒரே வசனம். வாசித்தோம்.

அன்று கட்டளை கிடைக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதை அவருடைய பிள்ளைகளுக்காக இங்கே சொல்லாமல் விடுகிறோம்.

அன்று பின்னேரம் இருவரும் நீதிமன்றத்துக்கு முன்னால் இருந்த தேநீர்க் கடையில் அதிக நேரம் பேசாமல் இருந்தோம். சட்டத்தரணிக்குக் கோபம். வைத்தியருக்கு வெட்கம். பேசத் தொடங்கியபோது, இது ஒரு ஆளின் கவலையீனம் மட்டுமா, அல்லது வைத்தியசாலை, பொலிஸ், நீதிமன்றம் என்று மூன்று கட்டடங்களுக்கு நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறதா, அதற்குள் எத்தனை பேர் விழுகிறார்கள் என்றெல்லாம் கேள்விகள் வந்தன. சட்டத்தரணி சட்டப் புத்தகத்தில் தேடினார், வைத்தியர் மருத்துவப் புத்தகத்தில் தேடினார். இரண்டிலும் பள்ளத்தைப் பற்றி ஒன்றும் இல்லை. சில வருடங்கள் கழித்துப் புலமைப்பரிசிலும் கடனுமாக இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் "குற்றவியலும் குற்றவியல் நீதியும்" என்ற ஒரு வருட முதுமாணிக் கற்கைநெறியில் போய் இருந்தோம். வகுப்பில் எங்களை விட வயது கூடியவர்கள் மூன்று பேர்தான்.

முதலில் ஒரு தப்பபிப்பிராயத்தைத் துடைத்துவிடலாம். எங்களைச் சந்திக்கிற பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சித் தொடரில் வருகிற மாதிரி கையுறை போட்டு இரத்தத் துளி பொறுக்குவதுதான் குற்றவியல் என்று நினைக்கிறார்கள். அது தடய அறிவியல். அதற்கு இரசாயனம், உயிரியல் வேண்டும். எங்கள் நாட்டில் அந்த வேலையின் பெரும்பகுதி அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்திலும் சட்ட வைத்திய அதிகாரிகளிடமும் நடக்கிறது. குற்றவியல் வேறு சங்கதி. எது குற்றம் என்று யார் தீர்மானிக்கிறார்கள், யார் அதைச் செய்கிறார்கள், யார் அகப்படுகிறார்கள், தண்டனை என்ன செய்கிறது, என்ன செய்தால் குறையும் என்று கேட்கிற படிப்பு. சமூகவியல், உளவியல், சட்டம், புள்ளிவிபரம் நான்கும் ஒரே சட்டியில் கொதிக்கும்.

முதல் வகுப்பிலேயே எங்களுக்கு அடி விழுந்தது. "குற்றம் என்றால் என்ன?" என்று ஒரு தாளில் எழுதச் சொன்னார்கள். வைத்தியர் "மற்றவருக்குத் தீங்கு" என்று எழுதினார். சட்டத்தரணி "சட்டத்தால் தண்டிக்கப்படும் செயல்" என்று எழுதினார். விரிவுரையாளர் தற்கொலை முயற்சியை உதாரணமாக எடுத்தார். இங்கிலாந்தில் 1961 வரை அது குற்றம். எங்கள் நாட்டில் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில் இருந்த அந்தப் பிரிவு 1998இல்தான் நீக்கப்பட்டது. செயல் ஒன்றுதான், ஆனால் ஒரு நாள் அது குற்றம், மறுநாள் நோய். இதைக் கேட்டபோது எங்களுக்கு எங்கள் விடுதிதான் ஞாபகம் வந்தது. சட்டம் மாறி எத்தனையோ வருடமான பிறகும் அலரி விதை அரைத்துக் குடித்த பிள்ளையின் தாய், "கேஸ் வருமோ டொக்டர்" என்று பயந்து, "தவறிக் குடிச்சுப்போட்டாள்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். சட்டத்தைத் திருத்த ஒரு நாள் போதும், சனத்தின் பயம் போக ஒரு தலைமுறை எடுக்கிறது.

இரண்டாவது அடி வைத்தியருக்கு மட்டும். குற்றவியலின் தகப்பன் என்று பலர் சொல்லும் சேசரே லொம்புரோசோ ஒரு இத்தாலிய வைத்தியர். 1876இல் வெளியிட்ட நூலில், குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளி, அவனுடைய மண்டையோட்டையும் தாடையையும் காதையும் அளந்து கண்டுபிடிக்கலாம் என்றார். 1893இல் பெண் குற்றவாளிகளைப் பற்றியும் ஒரு நூல் எழுதி, பெண்களை இன்னும் மோசமாக அளந்தார். அதைப் பொய் என்று காட்டியவரும் ஒரு வைத்தியர்தான். ஆங்கிலேயச் சிறைச்சாலை வைத்தியரான சாள்ஸ் கோரிங் ஏறத்தாழ 3000 கைதிகளை அளந்து, மற்றவர்களோடு ஒப்பிட்டு, "அப்படி ஒரு முகமே கிடையாது" என்று 1913இல் எழுதினார். எங்கள் தொழில் செய்த பிழையை எங்கள் தொழிலே திருத்தியது என்று ஆறுதல் பட்டோம். ஆனால் யாழ்ப்பாணத்தில் இன்றும் "ஆளைப் பார்த்தாலே கள்ளன் எண்டு தெரியுது" என்று சொல்லுகிற ஒவ்வொருவரும் லொம்புரோசோவின் மாணவர்தான்.

பெண்களைப் பற்றி இன்னொன்று. அந்தத் துறை தொடங்கி நெடுங்காலம் ஆண்களைப் படித்த ஆண்களின் துறையாகவே இருந்தது. 1968இல் பிரான்செஸ் ஹைடன்சோன் என்ற பெண்மணி, இத்தனை கோட்பாடுகளிலும் பெண் எங்கே என்று ஒரு கட்டுரையில் கேட்டார். 1976இல் கரோல் ஸ்மார்ட் ஒரு நூலே எழுதினார். கையெழுத்து அழகாக இல்லை என்பதற்காக அறுபது வரி திரும்ப எழுதவைத்த ஒரு பெண்கள் கல்லூரியில் இருந்து போன எங்களுக்கு, ஒரு கட்டுரை ஒரு துறையையே திரும்ப எழுதவைத்தது என்பது மிகவும் பிடித்துப்போனது.

புள்ளிவிபரப் பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். சட்டத்தரணி அழுதார். வைத்தியர் சொல்லிக்கொடுத்தார். இருவரும் சித்தியடைந்தோம்.

இனி, எங்கள் மனதை மாற்றிய இரண்டு கதைகள். இவற்றுக்காகவே அந்த வருடம் முழுவதும் செலவழித்தது தகும்.

முதலாவது எரிவாயுக் கதை. முன்னர் இங்கிலாந்தில் சமையலுக்கு நிலக்கரியில் இருந்து எடுத்த வாயு வந்தது. அதில் காபனோரொட்சைட்டு இருந்தது. அடுப்பைத் திறந்துவிட்டுத் தலையை உள்ளே வைத்துத் தற்கொலை செய்துகொள்வது அங்கே மிகச் சாதாரணமான முறையாக இருந்தது. பிறகு வாயுவின் நச்சுத்தன்மை படிப்படியாகக் குறைந்தது, வட கடலில் இருந்து இயற்கை வாயு வந்தது. யாரும் தற்கொலையைத் தடுக்க இதைச் செய்யவில்லை, மலிவு என்பதற்காகச் செய்தார்கள். ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963இல் 5714 ஆக இருந்த வருடாந்தத் தற்கொலைத் தொகை 1975இல் 3693 ஆகக் குறைந்தது. அடுப்பு போனதும் எல்லோரும் வேறு வழி தேடிப் போகவில்லை. றொனால்ட் கிளார்க், பற் மேஹியூ என்ற இரு குற்றவியலாளர்கள் இதை 1988இல் எடுத்து ஆராய்ந்து, குற்றத்துக்கும் இதே நியாயம் பொருந்தும் என்றார்கள். மனிதனைத் திருத்தும் வரைக்கும் காத்திருக்கவேண்டாம், கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதை மாற்று. பூட்டு, வெளிச்சம், பார்க்கிற ஒரு கண் என்பவை சின்ன விடயங்கள் அல்ல.

வகுப்பில் எல்லோரும் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இந்தக் கதை எங்களுடையதும் அல்லவா? 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. அந்த வருடம் மிகக் கொடிய கிருமிநாசினிகள் சில தடைசெய்யப்பட்டன. 1998இல் என்டோசல்பான் தடைசெய்யப்பட்டது. 2008இற்குப் பிறகு பரகுவாட் உட்பட இன்னும் மூன்று. 1995இற்கும் 2005இற்கும் இடையில் வீதம் பாதியாகியது. நஞ்சு குடித்து வைத்தியசாலைக்கு வந்தவர்கள் அதே அளவில் குறையவில்லை. விடுதியில் நின்ற எங்களுக்கு அது தெரியும். வந்தவர்கள் பிழைத்துப் போனார்கள், அதுதான் வித்தியாசம். கோபத்தில் ஓடிப்போய் எடுத்த போத்தலில் இருந்தது கொஞ்சம் சாதுவான நஞ்சு. 1988இல் யாழ்ப்பாணத்துச் சட்ட மருத்துவர்கள் மஞ்சள் அலரி நஞ்சூட்டிய 170 பேரைப் பற்றி எழுதிய ஆய்வு சர்வதேசச் சஞ்சிகையொன்றில் வந்திருக்கிறது. அலரியை யாரால் தடைசெய்ய முடியும்? வேலியில் நிற்கிறது. ஆனாலும் எதைக் கையில் கிடைக்காமல் செய்யலாம் என்று கேட்கிற பழக்கம் அன்றில் இருந்து எங்களோடு ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது கதை கார்டிப் நகரத்துடையது. ஜொனதன் ஷெப்பேர்ட் ஒரு முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர். சனி இரவுகளில் கிழிந்த முகங்களைத் தைத்துக் களைத்தவர். தான் தைத்த காயங்களைப் பொலிஸ் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வைத்தியசாலைக்கு வந்த வன்முறைக் காயங்களில் பெரும்பகுதி பொலிஸாருக்குத் தெரியவே தெரியாது. பழிவாங்குவார்கள் என்ற பயம், தன்னையும் விசாரிப்பார்கள் என்ற பயம், சொல்லி என்ன பலன் என்ற அலுப்பு. கிணற்றடி கார்டிப்பிலும் இருந்தது.

அவர் செய்தது மிக எளிமையானது. விபத்துப் பிரிவில் பதிவு எழுதுகிற உத்தியோகத்தர் நோயாளியிடம் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, எந்த ஆயுதத்தால் என்று ஒரு சில கேள்விகள் கேட்பார். பெயரை எடுத்துவிட்டு மிச்சத்தை மாதாமாதம் பொலிஸாரிடமும் நகரசபையிடமும் கொடுப்பார்கள். எந்த மதுச்சாலை, எந்தச் சந்தி, எத்தனை மணி என்று வரைபடத்தில் தெரிந்துவிடும். அங்கே ரோந்தை மாற்றினார்கள், உடைந்தால் கத்தியாகாத கண்ணாடிக் கோப்பைகளைக் கொண்டுவந்தார்கள். அதே மாதிரியான மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோது வன்முறைக் காயத்தால் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவோர் தொகை கணிசமாகக் குறைந்திருந்ததை 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஒரு பல், முகச் சத்திரசிகிச்சை நிபுணருக்கு 2008இல் ஸ்ரொக்ஹோம் குற்றவியல் பரிசு கிடைத்தது. தைக்கிற ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பேனையை எடுத்ததற்குக் கிடைத்த பரிசு என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

எங்களிடமும் பேனை இருந்தது. அதைக் கொண்டு என்ன எழுதினோம் என்று முன்னரே சொல்லிவிட்டோம்.

2019இல் எங்கள் நாட்டில் முதன்முறையாக நடந்த தேசிய அளவிலான பெண்கள் நல்வாழ்வு ஆய்வின்படி, துணையோடு வாழ்ந்த அல்லது வாழும் பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையால் உடல் ரீதியான அல்லது பாலியல் ரீதியான வன்முறைக்கு உட்பட்டிருக்கிறார். இந்த மண்டபத்தில் எத்தனை கதிரைகள் இருக்கின்றன என்று எண்ணச் சொல்லவில்லை. பழைய மாணவிகள் என்றால் எல்லோரும் பட்டம், பதவி, வெளிநாடு என்று மலரில் படத்தோடு வருவோம். கிணற்றடிகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. "குடும்ப மானம்" என்ற சொல்லை எங்களுக்கு யாரும் பாடமாக நடத்தவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் பாடமாக இருந்தது.

இந்த இடத்தில் ஒரு ஆசிரியையைப் பற்றிச் சொல்லவேண்டும். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்களோடு படித்த பிள்ளை ஒன்று கையில் தழும்போடு வந்தது. "சுடுதண்ணி ஊத்துப்பட்டிட்டுது" என்றது. ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. இடைவேளையில் எங்கள் எல்லோரையும் சோக்கட்டி எடுக்க, மணி அடிக்க, தண்ணீர் நிரப்ப என்று ஒவ்வொரு சாட்டில் அனுப்பிவிட்டு அந்தப் பிள்ளையோடு தனியே இருந்தார். மூன்று வார்த்தைதான் கேட்டாராம்: "ஆர் இதைச் செய்தது?" அடுத்த கிழமை பிள்ளை விடுதிக்கு வந்துவிட்டது. விடுதிக் காசை யார் கட்டினார் என்று எங்களுக்குப் பல வருடங்களின் பின்தான் தெரியும். அவர் குற்றவியல் படிக்கவில்லை. காயத்தையும் கதையையும் பொருத்திப் பார்த்தார், சாட்சியைத் தனிமைப்படுத்தினார், பாதுகாப்பான இடத்துக்கு மாற்றினார். மருத்துவப் பட்டம் எடுத்த எங்களுக்கு அது தோன்றவில்லை. இன்று அவர் இரண்டாவது வரிசையில் இருக்கிறார். ரீச்சர், குனியவேண்டாம்.

படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு: உயர்தரத்தில் கலைப் பிரிவு எடுத்தவர்களுக்கும் இந்தக் கதவு திறந்தது. எங்கள் நாட்டில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் குற்றவியலும் குற்றவியல் நீதியும் சிறப்புப் பட்டமாக இருக்கிறது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்பு, சிறைச்சாலைப் புனர்வாழ்வு, பொலிஸ், ஆய்வு என்று வேலைகள் உண்டு. வைத்தியர், பொறியியலாளர் போல வீட்டில் சொல்லிப் பெருமைப்படும் பெயர்ப்பலகை இல்லை என்பதையும் மறைக்கவில்லை. பெற்றார் "அதைப் படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்பார்கள். எங்கள் சிறைச்சாலைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் இன்னும் தீர்ப்பு வராத விளக்கமறியற் கைதிகள் என்றும், தண்டனை பெற்றவர்களிலும் ஏராளமானோர் தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போனவர்கள் என்றும் சொல்லுங்கள். இதைத் தமிழில் எழுத, தமிழில் கேட்க, தமிழில் பதிவு செய்ய ஆட்கள் போதாது.

திரும்பி வந்த பிறகு பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கார்டிப் மாதிரி வரைபடம் எங்களிடம் இன்னும் இல்லை. கேட்டிருக்கிறோம், கடிதங்கள் கோப்புகளில் இருக்கின்றன. விடுதியில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். கூட வந்தவரை மருந்தகத்துக்கு, தேநீருக்கு என்று ஏதாவது சாட்டில் அனுப்பிவிடுவோம். ரீச்சரிடம் கற்ற வித்தை. பிறகு, "இங்க காயப்பட்டு வாற எல்லாப் பொம்பிளையளிட்டையும் கேக்கிறனாங்கள், உங்களிட்ட மட்டும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கேட்போம். சொல்வதை அவர் சொன்ன தமிழிலேயே, அவருடைய வார்த்தையிலேயே எழுதுவோம். காயத்தின் இடம், நீளம், நிறம், எல்லாவற்றுக்கும் படம் வரைவோம். பல அரச வைத்தியசாலைகளில் "நட்பு நிலையம்" இருக்கிறது, அங்கே அனுப்புவோம். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால், "முன்கையின் வெளி ஓரத்தில் கண்டல், உள்ளங்கையில் காயமில்லை" என்று மட்டும் எழுதுவோம். அது பிறகு எந்தக் கூண்டில் வாசிக்கப்பட்டாலும் அப்படியே நிற்கும்.

பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. இலங்கைக்கு வெளியே இருந்து இந்த மலரைப் படிப்பவர்கள் தங்கள் நாட்டு இலக்கத்தைப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பழைய இரசாயன ஆய்வுகூடத்தில் நாங்கள் இருப்போம். சட்டத்தரணியும் மூன்று மணிக்கு வழக்கு முடிந்து ரெலிபோனில் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார். படிப்பைப் பற்றிக் கேட்க வருபவர்கள் கூட்டமாக வரலாம். வேறு ஏதாவது சொல்ல வருபவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள், கதவைச் சாத்திவிட்டுக் கதைக்கலாம்.